டவல், ஃப்ளீஸ் துணிகளில் எம்பிராய்டரி: எழுத்து உள்ளே புதையாமல் தைப்பது எப்படி?

நான் முதன்முதலில் பெயர் போட்டுக் கொடுத்த டவல், மெஷினிலிருந்து எடுக்கும்போது அவ்வளவு நன்றாக இருந்தது. மூன்று தடவை துவைத்த பிறகு பார்த்தால் 'ழ'வின் சுழி முழுக்க டவலின் கண்ணிகள் எழும்பி நின்றன, என்ன எழுத்து என்றே தெரியவில்லை. மேலே கரையும் ஷீட் போட்டுத்தான் தைத்திருந்தேன், ஆனால் அது மட்டும் போதாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தண்ணீரில் கரையும் அந்த மெல்லிய ஷீட்டை டாப்பிங் என்பார்கள். தைக்கும்போது கண்ணிகளை அமுக்கிப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். துவைத்தால் கரைந்து போகிற பொருள், அதற்கப்புறம் எதைப் பிடித்து வைக்கும்? நிரந்தரமாக அமுக்கி வைக்கத் தையல்தான் வேண்டும். அதனால் டிசைனுக்கு அடியில், டவலின் நிறத்து நூலிலேயே, நெருக்கமில்லாத ஒரு நிரப்புத் தையலை முதலில் ஓட்டிவிடுங்கள். இதற்கு நாக்டவுன் என்று பெயர். எழுத்தின் ஓரத்தைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் வெளியே வரட்டும். அதன்மேல் எழுத்தைத் தைத்தால், சமதளத்தில் உட்கார்ந்த மாதிரி நிற்கும், எத்தனை தடவை துவைத்தாலும் சரி. நாக்டவுன் ஓடும்போதும் டாப்பிங் மேலே இருக்கட்டும்.

டிசைனில் மெல்லிய கோடுகளும் பொடி எழுத்தும் வேண்டாம். நம் எழுத்துகளில் சுழி அதிகம், 'ஞ', 'ழ' போன்றவற்றைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள், உள்வெளி அடைபடாமல் இருக்கும்.

தடித்த டவலை ஹூப்புக்குள் (துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம்) திணிக்காதீர்கள், வளையத்தின் தடம் பதிந்துவிடும், பாதியில் நழுவவும் செய்யும். துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஸ்டெபிலைசர் ஷீட்டை மட்டும் ஹூப்பில் பறை மாதிரி விறைப்பாக மாட்டி, ஒட்டும் ஸ்ப்ரே லேசாக அடித்து (மெஷின் பக்கத்தில் வைத்து அடிக்க வேண்டாம், பிசின் உள்ளே போய்விடும்), டவலை அதன்மேல் விரித்து, டாப்பிங்கையும் போட்டு, சுற்றிலும் ஒரு நீளத் தையல் கட்டம் ஓட்டிவிட்டால் எதுவும் நகராது. டவலுக்குக் கிழித்தெடுக்கும் வகை ஸ்டெபிலைசர் பெரும்பாலும் போதும். ஃப்ளீஸ் என்கிற புசுபுசுத் துணி இழுபடும், அதற்கு வெட்டி எடுக்கும் வகைதான், ஊசியும் 75/11 அளவு பால்பாயிண்ட் (முனை உருண்டது). தையலை ரொம்ப நெருக்கிவிட்டால் ஃப்ளீஸ் அட்டை மாதிரி விறைத்துப்போகும், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. போர்த்திக்கொள்கிற துணி கழுத்தில் குத்தக் கூடாது.

வேகத்தை நிமிடத்துக்கு 600 தையல் அளவுக்குக் குறையுங்கள். டவலின் பின்பக்கமும் கண்ணில் படும் என்பதால் பாபினிலும் (அடிநூல் சுற்றும் உருளை) மேல்நூலின் நிறமே இருக்கட்டும். மேல்நூல் பாலியஸ்டராக இருந்தால் அடிக்கடி துவைப்பதைத் தாங்கும். புது பருத்தி டவலை முதலிலேயே ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிறகு அது சுருங்கி டிசைனைச் சுற்றி மடிப்பு விழும்.

தைத்து முடித்ததும் டாப்பிங்கைக் கையால் மெதுவாகக் கிழித்தெடுங்கள். எழுத்துச் சந்துகளில் மிச்சமிருக்கும் துணுக்குகளை ஈரத்துணியால் ஒற்றினால் கரைந்துவிடும். ஃப்ளீஸ் மேல் மட்டும் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான், புசுபுசுப்பு உருகி அந்த இடம் பளபளவென்று அமுங்கிப்போகும். சுருக்கம் தெரிந்தால் சற்று உயரத்திலிருந்து நீராவி காட்டி, கையால் நீவிவிடுங்கள்.