ஊரோடு சேர்ந்து குழந்தைகளின் உடல் பருமனைத் தடுத்தல்: களத்தில் இறங்கும் ஆய்வாளருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைப் பருவ உடல் பருமனைத் தடுக்கச் சமூக அளவில் திட்டம் தீட்டும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் விழிப்புணர்வு முகாம், சுவரொட்டி, உணவு பற்றிய சில வகுப்புகள் என்றே தொடங்குகிறார்கள். அவற்றை நடத்துவது எளிது. நிதி தந்தவருக்குப் படமெடுத்து அனுப்புவது இன்னும் எளிது. என்னிடம் வரும் இளம் ஆய்வாளர்களை நான் முதலில் வேறொரு பயிற்சியைச் செய்யச் சொல்வேன். திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்தச் செயல் யாருடைய முடிவை மாற்றப்போகிறது என்று எழுத வேண்டும். பெரும்பாலான வரிகளுக்குக் 'குழந்தையின் முடிவை' என்ற விடையே வந்தால், திட்டத்தைத் திரும்ப எழுதுவது நல்லது. ஏழு வயதுக் குழந்தை தான் உண்ணும் உணவை விலை கொடுத்து வாங்குவதில்லை. பள்ளிக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுப்பதும் அதுவன்று. இவற்றை முடிவுசெய்யும் பெரியவர்கள் எந்த ஊரிலும் சிலரே. அவர்களில் ஒருவர் ஒருமுறை எடுக்கும் முடிவு, நூறு குழந்தைகள் நாள்தோறும் மன உறுதியோடு செய்ய வேண்டியிருப்பதை அவர்களை வருத்தாமலே நடத்திவிடும்.

இதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி பேசப்படுவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சாமர்வில் நகரம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 முதல் 2005 வரை அங்கே முதல் மூன்று வகுப்புகளில் படித்த குழந்தைகளை மையமாக வைத்து, பள்ளி உணவு, நடந்து செல்லும் பாதைகள், உணவகங்கள், மாலை நேர நிகழ்ச்சிகள், நகர நிர்வாகம் எனப் பல இடங்களில் ஒரே காலத்தில் மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். முதல் பள்ளி ஆண்டு முடிந்தபோது, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட இரு நகரங்களின் குழந்தைகளைவிட இவர்களது பி.எம்.ஐ. இசட் மதிப்பு சராசரியாக 0.1 அளவுக்குக் குறைந்திருந்தது. (பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். அதே வயதும் பாலினமும் கொண்ட குழந்தைகளின் இடைநிலையிலிருந்து அது எத்தனை திட்ட விலக்கம் தள்ளியிருக்கிறது என்பதே இசட் மதிப்பு; திட்ட விலக்கம் என்பது மதிப்புகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு.) ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கோலாக் என்ற ஊரில் டீக்கின் பல்கலைக்கழகத்தார் 2003 முதல் 2006 வரை நடத்திய பணியில், 4 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு, ஒப்பீட்டுக் குழுவைவிடச் சராசரியாக 0.92 கிலோ குறைவாகவே எடை கூடியது. இந்த எண்களைப் பார்த்து ஏமாற்றமடைபவர்கள் உண்டு. நோயாளி ஒருவருக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் விளைவோடு ஓர் ஊர் முழுவதன் சராசரியை ஒப்பிடுவதால் வரும் ஏமாற்றம் அது. நிதி கேட்கும் கடிதத்தில் இதைவிடப் பெரிய எண்ணை வாக்களிக்காதீர்கள்.

முதல் ஆறு மாதங்கள்

'சமூகம்' என்ற சொல்லை வரையறுப்பதில் நேரம் செலவிடுங்கள். ஒரு பள்ளியில் சேர்ந்துள்ள குழந்தைகளா, ஒரு சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் வாழும் குடும்பங்களா, ஒரு நிர்வாக வட்டாரமா என்பது தெளிவாகாத வரை யாரை அளப்பது, யாரோடு பேசுவது என்ற இரண்டுமே குழம்பும். அதன் பிறகு, ஊரில் முடிவெடுக்கும் இடங்களில் இருப்பவர்களின் பட்டியலைத் தயாரியுங்கள்: பள்ளி உணவுக்குப் பொருள் வாங்குபவர், பாடவேளை அட்டவணை போடுபவர், சாலைப் பராமரிப்புக்குப் பொறுப்பானவர், விளையாட்டுத் திடலின் சாவியை வைத்திருப்பவர். கடைசியாகச் சொன்னவரைப் பல திட்டங்கள் மறந்துவிடுகின்றன. திடல் இருந்தும் மாலையில் அது பூட்டிக் கிடந்தால், ஊரில் திடல் இருப்பதாக நீங்கள் போடும் கணக்கு பொய்க்கணக்கு.

மக்கள் பங்கேற்பை ஆராய்ந்த ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் குடிமக்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ்ப்படிகளில் மக்களை வெறுமனே இணங்க வைப்பதும், நடுவில் அவர்களுக்குத் தகவல் சொல்லிக் கருத்துக் கேட்பதும், மேலே அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதும் இருக்கின்றன. ஆய்வு முன்மொழிவுகளில் 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி, நடுப்படியைத் தாண்டுவதில்லை என்பது என் அனுபவம். என் முதல் கூட்டத்துக்கு நானும் முடிவுசெய்யப்பட்ட செயல்திட்டத்தோடுதான் போனேன். எல்லோரும் தலையாட்டினார்கள், அடுத்த கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். அதன் பிறகு, வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு பகுதியை எதற்கென்று குறிப்பிடாமலே வைத்து, அதைச் செலவிடும் முடிவை ஊர்க் குழுவிடம் விட்டுவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நெறிமுறைக் குழுவும் நிதி தருபவரும் இதற்கு விளக்கம் கேட்பார்கள். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் வரையும் கூட்டம்

திட்டத்தின் உயிர்நாடி இந்தக் கூட்டம்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். விக்டோரியா மாநிலத்து ஊர்கள் பலவற்றில் ஆய்வாளர்கள் பயன்படுத்திய முறை இது. பெற்றோர், ஆசிரியர், செவிலியர், கடைக்காரர், நிர்வாகத்தினர் எனப் பத்துப் பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். நடுவில் பெரிய வெள்ளைத் தாள். கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ஊரில் குழந்தைகள் ஓடியாடி வளர்வதற்குத் துணை நிற்பவை எவை, தடையாக இருப்பவை எவை? 'பருமன்' என்ற சொல்லைக் கேள்வியிலிருந்து நீக்கிவிடுங்கள். அச்சொல் வந்த கணமே பேச்சு குழந்தைகளின் உடலை நோக்கியும், பிறகு தாய்மார்களைக் குறை சொல்வதை நோக்கியும் திரும்பிவிடும்.

ஒரு தாய், சாலையில் வண்டிகள் வேகமாகப் போவதால் மகனை நடக்க விடுவதில்லை என்கிறார். 'சாலை பற்றிய அச்சம்' என்று தாளில் எழுதி, அதிலிருந்து 'வண்டியில் கொண்டுவிடும் பெற்றோர்' என்பதற்கு ஓர் அம்புக்குறி போடுகிறோம். அப்போது ஓர் ஆசிரியர், காலையில் பள்ளி வாசலில் நிற்கும் வண்டிகளுக்கு இடையே நடந்து வரும் குழந்தைகள்தான் அடிபடப் பார்க்கிறார்கள் என்கிறார். 'வாசலில் வண்டி நெரிசல்' என்று எழுதுகிறோம். அங்கிருந்து அம்புக்குறி மீண்டும் அச்சத்துக்கே போய்ச் சேருகிறது. வட்டம் மூடிக்கொள்கிறது. ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் பாதுகாப்பைக் கருதிச் செய்வதே எல்லோருடைய பிள்ளைகளுக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதை அந்த மேசையில் இருப்பவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். நான் அரை மணி நேரம் உரையாற்றினாலும் கிடைக்காத அமைதி அப்போது கிடைக்கும். அதன் பிறகு கேட்க வேண்டியது, இந்த வட்டத்தை எங்கே அறுக்கலாம், அதை அறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான். வாசலிலிருந்து சிறிது தொலைவிலேயே வண்டிகளை நிறுத்தச் சொல்லும் ஒரு விதி, நடைப்பயிற்சியின் நன்மைகள் பற்றிய பத்து வகுப்புகளைவிட இங்கே பயன் தரக்கூடும்.

எதை எழுதினாலும் 'அறியாமை' என்ற சொல்லை மட்டும் காரணமாக எழுத நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நேரமின்மையோ, பணமின்மையோ, தூரமோ ஒளிந்திருக்கும். அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

அளவிடும் நாள்

ஐந்து முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி, வயதுக்கேற்ற பி.எம்.ஐ. இடைநிலையைவிட ஒரு திட்ட விலக்கத்துக்கு மேல் இருந்தால் அதிக எடை, இரண்டுக்கு மேல் இருந்தால் உடல் பருமன். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு உயரத்துக்கேற்ற எடையை வைத்து, எல்லைகள் முறையே இரண்டு, மூன்று திட்ட விலக்கங்கள். அமெரிக்க அட்டவணையும் பன்னாட்டுக் குழு ஒன்றின் அட்டவணையும் வேறு எல்லைகளைக் கொண்டவை என்பதால், எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்து, நடுவில் மாற்றாமல் இருங்கள்.

அளவுகோலில் சிறு பிழை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். எட்டு வயது நிறைந்த சிறுவன் ஒருவன், எடை 28.0 கிலோ, உண்மையான உயரம் 118 செ.மீ. அவனுடைய பி.எம்.ஐ. 20.1. அந்த வயதுச் சிறுவனுக்குப் பருமனின் எல்லை ஏறக்குறைய 19.7. காலணியைக் கழற்றாமல் நிறுத்தி 120 செ.மீ. என்று குறித்துவிட்டால் அது 19.4 ஆகிவிடும்; சிறுவன் எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறான். ஓர் ஆண்டு கழித்து இன்னொரு களப்பணியாளர் காலணியைக் கழற்றச் சொல்லி அளந்தால், உங்கள் திட்டம் அவனைப் பருமனாக்கியதாகத் தோன்றும். ஆகவே காலணி, தலைமுடிக் கொண்டை, கனத்த மேலாடை ஆகியவற்றை நீக்கி, குதிகால் பலகையை ஒட்டியும் பார்வை நேராகவும் இருக்கும்படி நிறுத்தி, உயரத்தை 0.1 செ.மீ. வரையும் எடையை 0.1 கிலோ வரையும் இருமுறை குறிக்க வேண்டும். எடைக் கருவியைத் தெரிந்த எடையை வைத்துக் காலையிலேயே சரிபார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது தனிமை. அளவை ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்ளும் பழக்கத்தைப் பள்ளி ஒன்றில் கண்டேன். வரிசையில் அடுத்து நின்ற சிறுமி தன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னால், எடைக் கருவியின் எண் குழந்தைக்குத் தெரியாதபடி திருப்பி வைத்து, வாய் பேசாமல் குறிப்பதற்கு ஆகும் கூடுதல் நேரம் ஒரு குழந்தைக்கு அரை நிமிடம்தான். அளவைக் கடிதமாக வீட்டுக்கு அனுப்பினால் பெற்றோர் விழித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் கைவிடத் தக்கது: கலிபோர்னியப் பள்ளிகளில் நடந்த பெரிய சமவாய்ப்புச் சோதனையில் (யாருக்கு அறிக்கை என்பதைக் குலுக்கல் போல முடிவுசெய்யும் சோதனை) அத்தகைய அறிக்கைகளால் குழந்தைகளின் பி.எம்.ஐ. மாறவில்லை.

ஒப்பீடும் கணக்கும்

பருமனான குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்து முன்னும் பின்னும் அளந்தால், எதுவும் செய்யாமலே அவர்களில் ஒரு பகுதியினர் சராசரியை நோக்கித் திரும்புவார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத வெற்றிக் கதைகள் பலவற்றின் ரகசியம் இதுதான். எல்லாக் குழந்தைகளையும் அளங்கள். திட்டம் நடக்காத ஊர்களிலும் அளங்கள். ஒரே பள்ளியின் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் மாதிரி அளவையும் திருத்த வேண்டும். பள்ளிக்கு 40 பேர் வீதம் 20 பள்ளிகளில் 800 பேரை அளந்து, அந்த ஒத்திருப்பின் அளவான உட்குழு ஒப்புமை 0.02 என்று கொண்டால், மாதிரியைப் பெருக்க வேண்டிய காரணி 1 + 39 × 0.02, அதாவது 1.78. 800-ஐ அதனால் வகுத்தால், உங்கள் 800 பேர் புள்ளியியல் நோக்கில் ஏறக்குறைய 450 பேருக்கே சமம். ஓர் ஊருக்கு எதிரே ஓர் ஊர் என்று வைத்தாலோ, ஊர்களுக்கிடையிலான இயல்பான வேறுபாட்டையும் திட்டத்தின் விளைவையும் பிரிக்க எந்தச் சூத்திரமும் உதவாது.

பி.எம்.ஐ. மாற ஆண்டுகள் ஆகும் என்பதால் இடைக்கால அளவுகளும் தேவை: பள்ளியில் உண்மையில் பரிமாறப்பட்டது என்ன, குடிநீர்க் குழாய்களில் எத்தனை வேலை செய்கின்றன, நடந்து வருபவர்கள் எத்தனை பேர், ஐந்து முதல் பதினேழு வயதினருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கத்தை எட்டுபவர்கள் எத்தனை பேர். இவை ஒவ்வொன்றையும் வசதியுள்ள குடும்பங்கள், வசதி குறைந்த குடும்பங்கள் என்று பிரித்துப் பாருங்கள். சராசரி நன்றாக இருந்தும் பயன் முழுவதும் ஏற்கெனவே வசதியோடு இருந்தவர்களுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நிதியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பிரான்சில் 2004-இல் பத்து ஊர்களில் தொடங்கிய எபோட் என்ற குழந்தைப் பருமன் தடுப்புத் திட்டம் ஊர்த்தலைவர்களை முன்னிறுத்தியதற்காகப் பாராட்டப்பட்டது. உணவு நிறுவனங்களின் பணத்தை ஏற்றதற்காக விமர்சிக்கவும் பட்டது. இனிப்புப் பானம் விற்பவரின் பணத்தை வாங்கிய திட்டம் இனிப்புப் பானத்தைப் பற்றிப் பேசத் தயங்கும்; வாங்காமல் இருப்பதே நலம்.

ஆய்வின் முடிவுகளைக் கட்டுரையாக அனுப்பும் முன், வரைபடம் வரைந்த அதே மேசைக்குத் திரும்பிப் போங்கள். பலிக்காதவற்றையும் சேர்த்து, பள்ளிகளின் பெயர் வெளிப்படாமல், ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். எந்த அம்புக்குறியை அறுக்க முடிந்தது, எது இன்னும் அப்படியே இருக்கிறது என்பதை அவர்களே பழைய தாளில் வேறு நிற மையால் குறிக்கட்டும். அந்தத் தாள் அவர்களிடமே இருக்க வேண்டும். நீங்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.