புகை எங்கிருந்து வருகிறது? செபராங் பிறைவாசிகளுக்கு ஒரு சட்ட வழிகாட்டி

பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் வட்டாரங்களில் தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் நெருங்கியே இருப்பதால், இரவில் புகை நாற்றம் வீசுவதும் காலையில் கார்மீது கரித்தூள் படிந்திருப்பதும் பலருக்குப் பழகிப்போய்விட்டன. பழகிப்போக வேண்டிய அவசியமில்லை. மலேசியாவின் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் “காற்று கெட்டுவிட்டது” என்ற பொதுவான முறையீட்டை வைத்து எவர்மீதும் பாய்வதில்லை. புகை வெளியான இடம் எது, அந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்ற இரண்டையும்தான் அது முதலில் கேட்கிறது. அதனால் புகார் கொடுக்க நினைப்பவரின் முதல் வேலை, புகையின் மூலத்தைக் கண்டறிவதே ஆகும்.

பலரும் இங்கே ஐபியூ எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்துக் குழம்பிவிடுகிறார்கள். 50 வரை நலம், 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயகரம் என்பது அதன் அளவு. நுண்துகள்கள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன் ஆகியவற்றை அளந்து அது கணிக்கப்படுகிறது. வெளியே போகலாமா, பிள்ளைகளைத் திடலில் விளையாட விடலாமா என்று முடிவெடுக்க அது உதவும். குற்றத்தை மெய்ப்பிக்க அது உதவாது. ஐபியூ 180ஐத் தொட்டாலும் அந்த எண்ணுக்காக எந்த நிறுவனமும் தண்டிக்கப்படுவதில்லை. மாறாக, ஐபியூ 55 என்று காட்டும் நாளிலும் ஓர் ஆலையின் புகைபோக்கி தன் வரம்பை மீறினால் அது குற்றமே. பரந்த வெளியின் காற்றுக்கு ஓர் அளவுகோல், புகைபோக்கியின் வாயில் வெளியேறுவதற்கு வேறோர் அளவுகோல். கண்காணிப்பு நிலையம் உங்கள் தாமானிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம் என்பதால், “ஐபியூ நன்றாகத்தானே இருக்கிறது” என்ற பதிலைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் மட்டும் தனி வகை: அது 2002ஆம் ஆண்டின் ஆசியான் உடன்படிக்கையின்கீழ் அரசாங்கங்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.

நம் வட்டாரத்தில் அதிகம் காணப்படுவது திறந்தவெளி எரிப்பு. சட்டம் மிகத் தெளிவாக இருப்பதும் இதில்தான். 29ஏ பிரிவு அதைத் தடை செய்கிறது. 29பி பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், தீ எரிந்த நிலத்தின் உரிமையாளர் அல்லது அங்கே குடியிருப்பவரையே பொறுப்பாளியாகக் கொள்கிறது. தமக்குத் தொடர்பில்லை என்று அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே தீ வைத்தவரை நேரில் பார்க்கவில்லையே என்று தயங்க வேண்டாம். இடத்தைச் சரியாகக் குறிப்பிட்டால் போதும். சமயச் சடங்கு, தகனம், வெளியில் நெருப்பில் சமைப்பது போன்றவற்றுக்கு 2003ஆம் ஆண்டின் ஆணை இடமளித்திருப்பதால், ஹோமத்துக்கும் பொங்கல் பானைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பழைய மெத்தை, டயர், செம்புக்காக உரிக்கப்படும் மின்கம்பி ஆகியவை அந்தச் சலுகைக்குள் வருவதில்லை. 2024ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கி, சட்டத்தின் உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பற்றி, நிபோங் திபால் சுற்றுவட்டாரமே புகையில் தவித்ததை நினைத்துப் பார்ப்பவர்கள் இந்தக் கடுமையை மிகையென்று சொல்லமாட்டார்கள்.

ஆலைப் புகையைக் கட்டுப்படுத்துவது 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள். ஒவ்வொரு வகைத் தொழிலுக்கும் இவை உமிழ்வு வரம்பு விதிக்கின்றன. தூசுப் பிடிப்பான், வாயுக் கழுவி போன்ற கருவிகள் ஒழுங்காக இயங்க வேண்டும், அவற்றைத் தகுதிபெற்ற ஒருவர் மேற்பார்க்க வேண்டும், உமிழ்வை அளந்து பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. சில பெரிய ஆலைகள் புகைபோக்கியிலேயே தொடர் கண்காணிப்புக் கருவியைப் பொருத்தி, அளவுகளைச் சுற்றுச்சூழல் துறைக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துர்நாற்றத்தையும் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 22ஆம் பிரிவு காற்றுத் தூய்மைக்கேட்டில் சேர்த்திருக்கிறது என்பதை ரப்பர், இறகு, மீன்தூள் ஆலைகளுக்கு அருகில் வாழ்வோர் கவனிக்க வேண்டும். அதிகாரி வரும் பகல்வேளையில் புகை இல்லாமற் போவது வழக்கம் என்பதால், அது எந்த மணிக்கு எழுந்து எந்த மணிக்கு அடங்குகிறது என்ற குறிப்பே புகாரின் உயிர்நாடி.

கரும்புகை கக்கும் லோரிக்கும் பேருந்துக்கும் 1996ஆம் ஆண்டின் விதிமுறைகளில் 50 ஹார்ட்ரிஜ் புகை அலகு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) என்ற வரம்பு உண்டு. பதிவு எண், இடம், நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் புகார் செல்லும்.

எங்கே புகார் செய்வது? ஆலை, வாகனம், திறந்தவெளி எரிப்பு மூன்றுக்கும் சுற்றுச்சூழல் துறை. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-88-2727. தீ எரிந்துகொண்டிருந்தால் முதலில் 999ஐ அழையுங்கள். உணவுக்கடைப் புகை, கட்டுமானத் தூசு, உரிமமில்லாப் பட்டறை ஆகியவை பெரும்பாலும் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. ஐயம் இருந்தால் இரண்டு இடத்துக்கும் எழுதி, ஒவ்வொரு கடிதத்திலும் மற்றதன் நகல் அனுப்பப்பட்டதைக் குறிப்பிடுங்கள். அப்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது.

புகாரை மலாயில் சுருக்கமாக எழுதுங்கள். முகவரி அல்லது வரைபடப் புள்ளி, தேதி, நேரம், புகையின் நிறம், நாற்றம், காற்று வீசிய திசை, படம் ஆகியவை போதும். கோபத்தையும் யூகங்களையும் விட்டுவிடுங்கள். ஒரே வீட்டின் பத்துப் புகார்களைவிட, பத்து வீடுகள் ஒரே வாரத்தில் தனித்தனியே எழுதிய குறிப்புகளுக்கு வலிமை அதிகம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சுட்டி மீண்டும் எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தையோ பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையோ நாடும்போதும் அதுவே கைகொடுக்கும்.

ஆலை வருவதற்கு முன்பே தலையிடும் வழியும் உண்டு. என் கருத்தில் நம்மவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது இதைத்தான். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவின்படி குறிப்பிட்ட திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை கட்டாயம்; 2015ஆம் ஆண்டின் ஆணையில் இரண்டாம் அட்டவணையில் அடங்கும் திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்து கேட்கப்படும். அறிக்கையைப் புரட்டும்போது, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி, கோயில், முதியோர் இல்லம் எல்லாம் பாதிக்கப்படக்கூடிய இடங்களாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விடுபட்டிருந்தால், அவற்றின் பெயரையும் தூரத்தையும் எழுதிக் கெடு முடியுமுன் அனுப்பிவிடுங்கள்.