பூங்காக் குளத்தில் விடப்பட்ட வாத்து: அடையாளம் காண்பது முதல் கூட்டில் அடைப்பது வரை

அமெரிக்காவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பண்ணைப் பொருள் கடைகளில் தகரத் தொட்டி வைத்து, வெப்ப விளக்கின் கீழ் மஞ்சள் வாத்துக் குஞ்சுகளை விற்பார்கள். ஈஸ்டர் பரிசாகச் சில வீடுகளுக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கவைக்கும் பாடம் முடிந்தபின் சில போகும். எட்டு வாரத்தில் அந்தக் குஞ்சு மூன்று கிலோ தாண்டிய, ஓயாமல் கத்துகிற, நடக்கிற வழியெல்லாம் எச்சமிடுகிற பறவை ஆகிவிடும். "பூங்காக் குளத்தில் விட்டால் அங்கே இருக்கும் வாத்துகளோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளும்" என்று கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

பிழைக்காது. குளத்தில் விடப்படுபவற்றில் அதிகம் பார்க்கக்கூடியது வெள்ளைப் பெக்கின் இனம். சீனாவிலிருந்து 1873இல் அமெரிக்காவுக்கு வந்து, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இறைச்சிக்காகப் பெருக்கப்பட்ட இனம் அது. அந்தக் குளங்களில் இருக்கும் காட்டு வாத்தான மல்லார்டின் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். பெக்கின் நான்கு கிலோ வரும். அந்த உடம்பைத் தூக்க அதன் சிறகால் முடியாது. வெள்ளை நிறம் இருட்டிலும் பளிச்சென்று தெரியும். ரக்கூன் (கைபோன்ற முன்னங்கால் கொண்ட இரவு விலங்கு), கொயோட்டி (சிறிய ஓநாய் போன்றது), கட்டவிழ்ந்த நாய், பெரிய ஆந்தை என எது வந்தாலும் அது தப்ப வழியில்லை. குளிர்காலத்தில் குளம் உறைந்தால் மல்லார்டுகள் பறந்து வேறு நீர்நிலைக்குப் போய்விடும். பெக்கின் அங்கேயே நிற்கும்.

ஆரணி, காஞ்சிபுரம் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் மந்தை மந்தையாக மேயும் வாத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வாத்து தானாகவே பிழைக்கும் என்று தோன்றலாம். அந்த மந்தைக்குப் பின்னால் கோலோடு ஒருவர் நிற்பதையும், பொழுது சாய்ந்ததும் வலை கட்டிய பட்டிக்குள் வாத்துகளை அடைப்பதையும் நினைத்துப் பாருங்கள். வாத்துக்குத் தண்ணீர் மேய்ச்சல் இடம்தான். இரவில் பூட்டிய கூடுதான் அதன் வீடு. அப்படிக் குளத்தில் விடப்பட்ட ஒன்றைப் பிடித்துப் பாதுகாப்பான கூட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வழி இதோ.

படி 1: இது வீட்டு வாத்துதானா?

இதைத் தவறவிட்டால் சட்டச் சிக்கல் வரும். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் மல்லார்டு உள்ளிட்ட காட்டு வாத்துகளைப் பாதுகாக்கிறது. அவற்றை அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாது.

முழு வெள்ளை உடலும் ஆரஞ்சு அலகும் இருந்தால் பெக்கின். பச்சை மினுங்கும் கறுப்பு என்றால் கயூகா. பாட்டில் போல நிமிர்ந்து ஓடினால் இந்தியன் ரன்னர். காக்கி நிறமும் ஒல்லி உடம்பும் காக்கி கேம்ப்பெல். இவற்றில் குழப்பம் வராது. குழப்புவது ரூவன் இனம்: நிறமெல்லாம் அச்சு அசல் மல்லார்டு, ஆனால் உடம்பு மூன்று மடங்கு, வயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கும். பக்கத்தில் ஒரு மல்லார்டு நின்றால் வித்தியாசம் உடனே தெரியும்.

"பறக்கவில்லை, அதனால் வீட்டு வாத்து" என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். கோடையில் இறகு உதிர்க்கும்போது காட்டு மல்லார்டும் மூன்று நான்கு வாரம் பறக்காது. அப்போது ஆணின் பச்சைத் தலையும் மறைந்து பெட்டை போலப் பழுப்பாகிவிடும். சந்தேகம் இருந்தால் படமெடுத்து வனவிலங்கு மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பிக் கேளுங்கள்.

முகத்தில் சிவப்புச் சதை முண்டுகள் இருந்தால் அது மஸ்கோவி, நம் ஊரில் மணிலா வாத்து என்போமே, அது. மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் மல்லார்டின் வழிவந்தவை. இது தனி இனம், பெட்டை நன்றாகப் பறக்கும். இதற்கென்று தனி மத்திய விதிகள் இருப்பதால், மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

படி 2: பிடிக்கும் முன் போகுமிடத்தை உறுதி செய்யுங்கள்

பூங்காவை நடத்தும் நகராட்சித் துறையிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். பிறகு, வாத்து எங்கே போகப் போகிறது என்று எழுதி வையுங்கள். நீர்ப்பறவை மீட்பு அமைப்புகளில் பெரும்பாலும் இடம் இருக்காது. பிடித்துக் காரில் வைத்துக்கொண்டு அவர்களை அழைத்தால் பயனில்லை. நீங்களே வளர்ப்பதென்றால் உங்கள் நகரத்தில் வாத்து வளர்க்க அனுமதி உண்டா, எத்தனை வரை என்று பாருங்கள்.

அந்தக் குளத்தில் ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தாலோ, கழுத்து முறுகித் தள்ளாடினாலோ அருகே போகாதீர்கள். எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2022 முதல் அமெரிக்கக் காட்டுப் பறவைகளிடையே பரவி வருகிறது. மாநில வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு விலகுங்கள்.

படி 3: பிடிப்பது

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை துரத்துவது. ஒருமுறை துரத்தப்பட்ட வாத்து பல நாள் கரைக்கே வராது. கனமான உடம்போடு ஓடினால் கால் பிசகும். வெயிலில் மூச்சிரைத்தே செத்தும் போகும்.

தேவையானவை: இரண்டு அல்லது மூன்று பேர், நாய்க்குட்டிகளுக்கு விற்கும் மூன்றடி உயர மடிப்பு வேலி இரண்டு, பழைய போர்வை, அடியில் துண்டு விரித்த நாய்க் கூண்டு. செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் விரிந்துவிடும்.

முதல் ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும் எண்ணத்தையே மறந்துவிடுங்கள். தினமும் விடிந்ததும், நடைப்பயிற்சிக் கூட்டம் வருமுன், ஒரே ஆள் ஒரே இடத்துக்குப் போங்கள். அந்த இடம் தண்ணீரிலிருந்து குறைந்தது பதினைந்து அடி தள்ளி இருக்கட்டும். ஒரு டப்பாவைக் குலுக்கிச் சத்தம் கொடுத்துவிட்டு, உடைத்த மக்காச்சோளமோ உறைநிலை நீக்கிய பச்சைப் பட்டாணியோ இரண்டு கைப்பிடி போடுங்கள். மூன்றாம் நாளே சத்தம் கேட்டதும் ஓடி வரும். நான்காம் நாள் வேலியைக் குதிரை லாடம் போல விரித்து நிறுத்தி, அதற்குள் தீனி போடுங்கள். வேலி பழகுவதற்குத்தான் இந்த நாட்கள் எல்லாம்.

பிடிக்கிற நாளில் வாத்துகள் எல்லாம் உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது, தண்ணீர்ப் பக்கமிருந்து இருவர் இரண்டாவது வேலியைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்து லாடத்தின் திறந்த பக்கத்தை மூடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். கையில் ஒரு நீளக் கழியைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் உங்கள் கை நீண்டது போல ஆகும்; வாத்து அதைச் சுவர் என்று எண்ணித் திரும்பும். வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்து, போர்வையை மேலே போட்டு எடுங்கள்.

தூக்கும்போது இரு சிறகையும் உடலோடு சேர்த்து அணைத்து, மறு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கும்படி இடுப்பில் இடுக்குங்கள். எச்சம் உங்கள் மேல் விழாது. கழுத்தையோ சிறகையோ காலையோ பிடித்துத் தூக்காதீர்கள். வாத்தின் கால் எலும்பு அதன் எடையைத் தொங்கலில் தாங்காது.

ஒன்று தப்பித் தண்ணீரில் இறங்கிவிட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி தீனியிலிருந்து தொடங்குங்கள். ஒன்றாக விடப்பட்ட வாத்துகளை முடிந்தவரை ஒரே நாளில் பிடியுங்கள். தனித்து விடப்பட்டது நாள் முழுக்க மற்றதைத் தேடிக் கத்திக்கொண்டே இருக்கும், தின்னாது.

படி 4: முதல் 30 நாள்

வீட்டில் ஏற்கெனவே கோழி, வாத்து இருந்தால் புதிய பறவையை 30 நாள் தனியாக வையுங்கள். செருப்பு, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் தனி. இதில் சோம்பல் வேண்டாம். வாத்துக் கொள்ளைநோய் அமெரிக்காவில் முதலில் கண்டறியப்பட்டது 1967இல், லாங் ஐலண்டின் பெக்கின் பண்ணைகளில். 1973இல் தெற்கு டகோட்டாவின் லேக் ஆண்டிஸ் ஏரியில் அதே நோய் ஏறத்தாழ 40,000 மல்லார்டுகளைக் கொன்றது. நோயிலிருந்து தப்பிய வாத்து வெளியே தெம்பாக இருந்துகொண்டே கிருமியைச் சுமக்கும். குளத்தில் வீட்டு வாத்தை விடுவது அங்குள்ள காட்டுப் பறவைகளுக்கும் கேடு என்பது இதனால்தான்.

நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி போலக் கூராகத் தட்டுப்பட்டால் பட்டினி கிடந்திருக்கிறது. உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருந்தால் சீழ்ப்புண். மருத்துவர் பார்க்க வேண்டும். கால், அலகு, நாக்கு மூன்றிலும் தூண்டில் முள்ளோ தூண்டில் இழையோ சிக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். சிறகு நுனி வெளிப்பக்கம் முறுக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது வளரும் வயதில் ரொட்டியும் மிகுசத்துத் தீனியும் தின்றதால் பெரும்பாலும் வருவது. வளர்ந்தபின் திருத்த முடியாது. பறக்காத பெக்கினுக்கு அதனால் பெரிய தொல்லையும் இல்லை.

பறவை மருத்துவரிடம் எச்சப் பரிசோதனையும், சோர்வாக இருந்தால் எக்ஸ்ரேயும் கேளுங்கள். வாத்து பளபளப்பதை எல்லாம் விழுங்கும். 1982க்குப் பின் அச்சான அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் 97.5 விழுக்காடு துத்தநாகம். ஒன்று வயிற்றில் தங்கினாலும் நஞ்சாகிக் கொல்லக்கூடும். பச்சைக் கழிச்சலும் கால் தள்ளாட்டமும் அதன் அறிகுறிகள்.

அழுக்குக் குளத்தில் இருந்த வாத்தின் இறகில் நீர் ஒட்டாத தன்மை போயிருக்கலாம். முதல் வாரம் ஆழத் தொட்டியில் தனியே விடாதீர்கள், நனைந்து மூழ்கிவிடும். ஆழமற்ற சுத்தமான தண்ணீரில் தினமும் குளிக்க விட்டால், அதுவே வாலடிச் சுரப்பியின் எண்ணெயை இறகில் தடவித் தடவிச் சரிசெய்துகொள்ளும்.

படி 5: கூடு

ஒரு வாத்துக்குக் கூட்டுக்குள் 4 சதுர அடி, வெளி அடைப்பில் குறைந்தது 15 சதுர அடி. அறுகோணக் கண் கொண்ட கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். ரக்கூன் அதைக் கையாலேயே கிழிக்கும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் போடுங்கள், மேற்கூரைக்கும் சேர்த்து. தோண்டிப் புகாமல் இருக்க அதே வலையை ஓரடி வெளிப்பக்கமாகத் தரையில் மடக்கிப் புதையுங்கள். சாதாரணக் கொக்கியை ரக்கூன் திறந்துவிடும். திருகிப் பூட்டும் கொக்கி வேண்டும்.

வாத்து பரண் ஏறாது, தரையில் படுக்கும். கம்பித் தரை கூடாது. வைக்கோலோ பைன் மரச்சீவலோ நான்கைந்து அங்குலம் போட்டு, ஈரமானதை அள்ளி மாற்றுங்கள். தலைக்கு மேலே காற்றுத் துளைகள் அவசியம். குளிருக்குப் பயந்து எல்லாத் துளையையும் அடைத்தால் எச்சத்தின் அமோனியா நெடி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்.

படி 6: தீனியும் தண்ணீரும்

வளர்ந்த வாத்துக்கு நாளுக்கு 150 முதல் 200 கிராம் குச்சித் தீவனம், புரதம் 16 விழுக்காடு. முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீவனத்தில் கலந்தால் ஆண் வாத்தும் தின்று அதன் சிறுநீரகம் கெடும். இரையை வயிற்றில் அரைக்கப் பொடிக்கல் ஒரு கிண்ணம். ரொட்டி, சிப்ஸ் வேண்டாம்.

தீனி வைத்த இடத்தில் தண்ணீர் இல்லையென்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பாத்திரம் தலை முழுதும் அமிழும் ஆழம் இருக்க வேண்டும். மூக்குத் துளையையும் கண்ணையும் வாத்து அப்படித்தான் கழுவும். நீந்த ஒரு குழந்தைக் குளியல் தொட்டி போதும், ஆனால் நாளுக்கொரு முறை கொட்டி நிரப்ப வேண்டும். வாத்து வளர்ப்பதில் பாதி வேலை இந்தத் தண்ணீர்தான். வீட்டின் தண்ணீர்க் கட்டணத்தையும் குழாய்க்கும் கூட்டுக்கும் உள்ள தூரத்தையும் முதலிலேயே கணக்கிடுங்கள்.

ஒரு வாத்தை மட்டும் வைக்காதீர்கள். ஆண் ஒன்றுக்குப் பெட்டை மூன்றிலிருந்து ஐந்து. ஆண்கள் மிகுந்தால் பெட்டையின் கழுத்து இறகைப் பிய்த்தே புண்ணாக்கும். பெட்டைதான் உரக்கக் கத்தும். ஆணுக்குக் கரகரத்த தாழ்குரல், வாலில் ஒரு சுருள் இறகு.

குஞ்சிலிருந்தே தொடங்குபவர்களுக்கு

முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் சூடு, பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்து வாருங்கள். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் வாத்துக்குஞ்சுக்குப் போதுமான நயாசின் (பி3 வைட்டமின்) பெரும்பாலும் இருக்காது. கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். ஐந்து கிலோ தீவனத்துக்கு இரண்டு மூன்று கப் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (நயாசின் உள்ள ஈஸ்ட் தூள்) கலந்தால் இந்தக் குறை வராது. தாயில்லாக் குஞ்சின் தூவிக்குத் தாயின் எண்ணெய் கிடைக்காததால் தண்ணீரில் விட்டால் நனைந்து விறைத்துவிடும். வெதுவெதுப்பான ஓரங்குலத் தண்ணீரில் ஐந்து நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் தராதீர்கள். நல்ல கவனிப்பில் வாத்து எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழும். இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போனபிறகும் இந்தத் தொட்டியைக் கழுவ வீட்டில் யார் இருப்பார்கள் என்று குஞ்சு வாங்குமுன் பேசி முடிவெடுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால்

குளத்தில் விடாதீர்கள், விலங்கைக் கைவிடுவது பல மாநிலங்களில் குற்றம். வாங்கிய கடை, மீட்பு அமைப்பு, ஏற்கெனவே வாத்து வளர்க்கும் குடும்பம் என்று இரண்டு மாதம் முன்பே கேட்கத் தொடங்குங்கள். இணையத்தில் "இலவசம்" என்று விளம்பரம் போட்டால் யார் எதற்கு எடுத்துப் போகிறார்கள் என்று தெரியாது. புது வீட்டின் இரவுக் கூட்டை நேரில் பாருங்கள், கொக்கியை நீங்களே இழுத்துப் பாருங்கள். ஜோடியைப் பிரிக்காமல் கொடுங்கள். கூடவே ஒரு வாரத்துக்கான பழைய தீவனத்தையும், எதைக் குலுக்கினால் வாத்து வருமோ அந்த டப்பாவையும் கொடுத்தனுப்புங்கள்.