வெள்ளி கஃப்லிங்க் வாங்கும் முன் சட்டையைப் பாருங்கள்

அக்கா மகனுக்கு மும்பையின் பாந்திரா குர்லா வளாகத்தில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு டோம்பிவிலியிலிருந்து அழைத்தான். "மாமா, நல்ல வெள்ளியில் கஃப்லிங்க் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். ஆனால் என்னிடம் இருக்கும் எந்தச் சட்டையிலும் மாட்ட முடியவில்லை." கஃப்லிங்க் என்பது முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டையைப் பித்தானுக்குப் பதிலாகப் பூட்டும் சிறு அணி. சிரித்துவிட்டேன். சிரிக்க எனக்குத் தகுதி கிடையாது. அவன் வயதில் நானும் இதையேதான் செய்தேன். தாலியைச் செய்து வைத்துக்கொண்டு பெண் தேடுகிற கதை. அந்தச் சனிக்கிழமை அவனை மாட்டுங்காவுக்கு வரவழைத்து, காபி கொடுத்துச் சொன்னவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: கஃபில் எத்தனை துளை?

சாதாரண முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டையில், அதாவது கஃபில், ஒரு பக்கம் பித்தான், மறுபக்கம் காஜா. இதில் கஃப்லிங்குக்கு இடமே இல்லை. இரண்டு பக்கமும் காஜா வேண்டும். கஃபை ஒருமுறை வெளிப்பக்கமாக மடித்துப் போடும் வகைக்கு டபுள் கஃப் அல்லது பிரெஞ்சு கஃப் என்று பெயர். மடித்தால் நான்கு காஜாக்கள் ஒரே நேர்கோட்டில் வரும். பித்தானும் இருந்து, அதன் அருகிலேயே கூடுதலாக ஒரு காஜாவும் உள்ள சட்டைகளும் கிடைக்கின்றன. முதல்முறை வாங்குபவருக்கு அது சிக்கனமான வழி.

தைத்துப் போடுகிறவர் என்றால் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் துணி எடுத்துக்கொண்டு போய், டெய்லரிடம் "டபுள் கஃப்" என்று இரண்டு முறை சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் பழக்க தோஷத்தில் பித்தான் வைத்துவிடுவார். கைக்கடிகாரம் கட்டும் கைக்குக் கஃபைச் சற்றுத் தளர்வாக வைக்கச் சொல்வதும் நல்லது.

இரண்டாம் படி: முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள்

கடையில் எல்லோரும் பளபளக்கும் முகப்பைத்தான் பார்ப்பார்கள். கஃப்லிங்கின் ஆயுள் பின்பக்கத்தில் இருக்கிறது.

அதிகம் விற்பது, தண்டின் முனையில் ஒரு சிறு உருளை சுழலும் வகை. உருளையைத் தண்டோடு நேராக்கிக் காஜாக்களில் நுழைத்து, பிறகு குறுக்காகத் திருப்பினால் நின்றுகொள்ளும். திமிங்கல வாலைப் போலத் தட்டையான நாக்கு மடங்கும் வகையும் இதே வேலையைச் செய்யும். இந்த இரண்டும் தொடக்கத்துக்கு ஏற்றவை. எதுவுமே அசையாத ஒரே வார்ப்பான வகை இருக்கிறது. உடையாது, ஆனால் இறுக்கமான காஜாவில் நுழைக்கப் பொறுமை வேண்டும். இரு முகப்புகளைக் குட்டிச் சங்கிலி இணைக்கும் பழைய வகைதான் கண்ணுக்கு மிக அழகு. காலையில் எட்டு மணி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அது ஆகாது. ஒற்றைக் கையால் மாட்டுவதற்குள் வண்டி போய்விடும்.

உருளை வகையை இப்படிச் சோதியுங்கள். முகப்பை இரு விரலால் பிடித்துக்கொண்டு உருளையைத் திருப்புங்கள். நேராக நிற்கும்போது ஒரு "டக்", குறுக்கே நிற்கும்போது ஒரு "டக்" விரலுக்குத் தெரிய வேண்டும். நடுவழியில் தொளதொளவென்று ஆடினால் உள்ளே இருக்கும் வில் (ஸ்பிரிங்) தளர்ந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தாதர் ரயில் நிலைய மேம்பாலம். கூட்டத்தில் இடிபட்டுக் கீழே இறங்கியபோது இடக்கைக் கஃப் விரிந்து கிடந்தது; கஃப்லிங்கைக் காணவில்லை. அந்தக் கூட்டத்தில் குனிந்து தேடுவது நடக்கிற காரியமா?

மூன்றாம் படி: வெள்ளியா என்று உறுதி செய்யுங்கள்

மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி, மும்பாதேவி கோயிலை விசாரித்துக்கொண்டு நடந்தால் நகைக்கடைகள் நிறைந்த ஜவேரி பஜார் வந்துவிடும். அங்கே கஃப்லிங்க் கேட்டால் மூன்று விதமாக எடுத்துப் போடுவார்கள்: அசல் வெள்ளி, வெள்ளி முலாம் பூசிய பித்தளை, ஜெர்மன் சில்வர். கடைசியாகச் சொன்னதில் பெயரைத் தவிர வெள்ளி எதுவும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை அது. வெள்ளி விலைக்கு வாங்காதவரை அதில் குற்றமும் இல்லை.

கஃப்லிங்குக்குச் சுத்த வெள்ளி சரிப்படாது. மிருதுவானது, தண்டு வளைந்துவிடும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் கலந்த 925 வெள்ளியைக் கேளுங்கள். தண்டிலோ முகப்பின் பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் முத்திரை இருக்கும்; கடைக்காரரிடம் லென்ஸ் வாங்கிப் பார்க்கத் தயங்க வேண்டாம். வெறும் "925" என்ற எண் மட்டும் இருந்தால் அது செய்தவரின் வாக்குமூலம்தான். பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இருந்தால் வெளியே ஒருவர் சோதித்திருக்கிறார் என்று அர்த்தம். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் எச்.யூ.ஐ.டி. வந்திருக்கிறது. ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு அது; பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிச் சரிபார்க்கலாம்.

காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் சிலவற்றில் உருளைக்குள் எஃகு வில் இருக்கும், அந்த இடம் மட்டும் ஒட்டும். முகப்பு ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ரசீதில் எடை, அன்றைய விலை, செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கல் பதித்ததாக இருந்தால் கல்லின் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள்.

நான்காம் படி: உடையோடு சேர்த்துப் பாருங்கள்

வெள்ளி குளிர்ந்த நிறம். வெள்ளை, இளநீலம், சாம்பல், கருநீலம், கறுப்பு ஆகியவற்றோடு கேள்வி கேட்காமல் சேரும். பழுப்பு, சந்தனம், கடுகு மஞ்சள் உடைகளில் பளிச்சென்ற வெள்ளி அந்நியமாகத் தெரியும். அங்கே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு வெள்ளி பரவாயில்லை.

கடிகாரமும் பெல்ட் பக்கிளும் எஃகு நிறத்தில் இருந்தால் வெள்ளி சரி. தங்க நிறக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெள்ளி கஃப்லிங்க் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். கல்யாண மோதிரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதைக் கழற்றச் சொல்லி நான் எந்த வீட்டிலும் சண்டை மூட்ட விரும்பவில்லை.

சட்டையில் கட்டமோ கோடோ இருந்தால் கஃப்லிங்க் வெறுமையாக இருக்கட்டும். சட்டை வெறுமையாக இருந்தால் கஃப்லிங்கில் கொஞ்சம் வேலைப்பாடு இருக்கலாம். முகப்பு ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதானால் கோட்டுக் கையில் மாட்டும். கோட்டுக்கு வெளியே சட்டை அரை அங்குலம் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: எங்கே போகிறீர்கள்?

நேர்முகத் தேர்வு, அலுவலகம்: வேலைப்பாடில்லாத நீள்வட்டம் அல்லது சதுரம். கிரிக்கெட் மட்டை, கார் வடிவமெல்லாம் நண்பர்கள் கூடும் இடத்துக்கு.

பிளாக் டை, அதாவது கறுப்புக் கோட்டும் வில் டையுமாக வரும் மாலை விருந்து உடை, என்று அழைப்பிதழில் போட்டிருந்தால் வெள்ளியில் பதித்த கறுப்பு ஓனிக்ஸ் கல் அல்லது முத்துச்சிப்பி. துக்க வீட்டுக்கு எதுவும் வேண்டாம், பித்தான் சட்டையே போதும்.

நம் கல்யாணங்களைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். முகூர்த்தத்துக்கு வேட்டி கட்டுகிறவர் கஃப்லிங்க் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பட்டுக்கரையும் சந்தனமும் இருக்கும் இடத்தில் அது வேலையற்ற விருந்தாளி. மாலை ரிசப்ஷனுக்குக் கோட்டோ, கழுத்து மூடிய பந்த்கலா கோட்டோ போடும்போது தாராளமாக மாட்டுங்கள். ஆனால் பந்தியில் உட்காரும் முன் வலது கைக் கஃப்லிங்கைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிடுங்கள். டபுள் கஃபோடு இலையில் ரசம் சாதம் சாப்பிட்டவரைப் பார்த்திருக்கிறேன்; சட்டைதான் முதலில் குடித்தது. கழற்றியதைச் சட்டைப்பையிலும் வைக்காதீர்கள். குனிந்தால் பாயசத்தில் விழும். பேன்ட் பைதான் பத்திரம்.

ஆறாம் படி: மாட்டும் விதம்

கஃபை வெளிப்பக்கம் மடியுங்கள். இரு ஓரங்களையும், கும்பிடும்போது உள்ளங்கைகள் சேர்வதுபோல, உட்பக்கமும் உட்பக்கமும் ஒட்டச் சேர்த்துப் பிடியுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றக் கூடாது. நான்கு காஜாக்களும் நேராக வந்ததும் உடலுக்கு வெளிப்பக்கத்திலிருந்து நுழைத்து, உருளையைத் திருப்புங்கள். கையைத் தொங்கவிட்டால் முகப்பு பிறருக்குத் தெரிய வேண்டும், உருளை உங்கள் இடுப்பைப் பார்க்க வேண்டும். அக்கா மகன் முதல்முறை இரண்டையும் உள்நோக்கி மாட்டிக்கொண்டு நின்றான். வலக்கைப் பழக்கக்காரர்களுக்கு வலக்கைக் கஃப்தான் தொல்லை. அதைச் சட்டை போடும் முன்பே மாட்டி வைத்து, கை நுழைகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நுழையும்.

ஏழாம் படி: கறுக்காமல் வைத்திருக்க

வெள்ளி கறுப்பது துரு அல்ல. காற்றில் உள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து சல்ஃபைடு படலமாகிறது. மழைக்கால ஈரம் அதை வேகப்படுத்தும். மாஹிம் கழிமுகத்தை ரயில் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, வெள்ளிக்கும் அந்த வசதி வேண்டும்: காற்றுப் புகாத சிறு பை, உள்ளே ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரிலும் கந்தகம் உண்டு.

துடைக்க நம் வீட்டு விபூதியே போதும். மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு லேசாகத் தேய்க்க வேண்டும். பற்பசை கீறிவிடும். ஆக்சிடைஸ்டு வெள்ளியை மட்டும் வெறும் துணியால் துடையுங்கள், இல்லையென்றால் காசு கொடுத்து ஏற்றிய கறுப்பு போய்விடும்.

தாதரில் தப்பிய ஒற்றைக் கஃப்லிங்க் பல ஆண்டுகள் பீரோவில் கிடந்தது. அதைப் போலவே இன்னொன்று செய்யச் சொல்லி இப்போதுதான் ஒரு தட்டானிடம் கொடுத்திருக்கிறேன். "பழசைப் புதுசுபோல ஆக்கட்டுமா, புதுசைப் பழசுபோல ஆக்கட்டுமா?" என்று கேட்டார். புதிதைத்தான் கறுக்கச் சொல்லியிருக்கிறேன்.