அலறல், கதறல், ஓலம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘அலறல் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தனர்.’ விபத்துச் செய்தியிலும் திருட்டுச் செய்தியிலும் இந்த வாக்கியம் ஓயாமல் வருகிறது. இதில் ஒரு சொல் மிகை. அலறல் என்றாலே சத்தம்தான். ‘அலறல் கேட்டு அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தனர்’ என்று எழுதிப் பாருங்கள். ஓடி வருகிறவர்களின் வேகம் வாக்கியத்துக்கும் வந்துவிடும். ‘கூக்குரல் சத்தம்’ இதைவிட மோசம். குரல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மிகையைக் களைவது எளிது. பொருளைக் குழப்புவதுதான் பெரிய பிழை. இன்றைய வழக்கில் அலறல் என்பது அச்சத்திலோ வலியிலோ தன்னை அறியாமல் வெடிக்கும் குரல். அலறுகிறவர் அலற வேண்டும் என்று முடிவு செய்து அலறுவதில்லை. கதறல் அப்படியல்ல, அதன் வேர் துயரத்தில் இருக்கிறது. இழப்பு, கெஞ்சல், கையறுநிலை இவையெல்லாம் கதறலில் உண்டு. பிள்ளையின் உடலைக் கண்ட தாய் ‘அலறினாள்’ என்றால் அது பார்த்த அந்த நொடியின் அதிர்ச்சி. ‘கதறினாள்’ என்றால் உண்மை உறைத்த பிறகு வரும் அழுகை. இரண்டும் அடுத்தடுத்து நிகழக்கூடியவையே, ஆனால் ஒன்றல்ல. எதை எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும்.

கூச்சல் என்ற சொல்லில் எனக்குக் கூடுதல் எச்சரிக்கை உண்டு. அதில் அச்சமும் இல்லை, துயரமும் இல்லை. கேட்பவருக்கு ஏற்படும் தொந்தரவுதான் இருக்கிறது. வகுப்பறையில் கூச்சல், அவையில் கூச்சல் குழப்பம் என்பவை சரி. ‘தீயில் சிக்கியவர்களின் கூச்சல் கேட்டது’ என்று எழுதினால், உயிருக்குப் போராடியவர்களைத் தொந்தரவு செய்தவர்களாக்கிவிடுகிறோம். அந்த இடத்துக்கு உரியது கூக்குரல். கூக்குரல் யாரையோ நோக்கி எழுவது, உதவி கேட்பது, நீதி கேட்பது. ஓலம் நீண்டு ஒலிப்பது. பெரும்பாலும் பலர் சேர்ந்து எழுப்புவது. ஊசி போட்டதும் குழந்தை ‘ஓலமிட்டது’ என்பது பொருந்தாது, குழந்தை வீறிட்டது. ஒப்பாரியோ இறந்தவரைப் பாடி அழும் பாட்டு. அதற்கு மெட்டும் சொல்லும் உண்டு. எல்லா அழுகையையும் ஒப்பாரி என்பது அந்தக் கலைக்குச் செய்யும் அநீதி.

மொழிபெயர்ப்புகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ‘அவள் மகிழ்ச்சியில் அலறினாள்’, ‘வெற்றி பெற்றதும் ரசிகர்கள் அலறினர்’ என்றெல்லாம் படிக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே வினை அச்சத்துக்கும் களிப்புக்கும் கோபத்துக்கும் ஈடுகொடுக்கலாம். தமிழில் அது கூடாது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாகப் பிரிக்கிறது. உரத்த குரலுக்குச் சொல் தேடும்போது, அந்தக் குரல் இவற்றில் எதிலிருந்து பிறக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீரும். அச்சம் என்றால் அலறல். அழுகை என்றால் கதறல். வெகுளி, அதாவது கோபம், என்றால் கத்தலோ இரைதலோ உறுமலோ. உவகை என்றால் ஆரவாரம், ஆர்ப்பரிப்பு. ‘வெளியே போ என்று மேலாளர் அலறினார்’ என்று எழுதினால், கோபப்பட்டவரைப் பயந்தவராக்கிவிடுகிறோம். ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள், மேலாளர் கத்தினார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இன்னொரு நுட்பமும் உண்டு. எட்டில் ஒன்றாக அழுகையைச் சொன்ன பிறகு, வேறொரு நிரலில் அரற்று என்பதைத் தனியே வைக்கிறது. வாய்விட்டு ஒரே நொடியில் எழுவது அலறல். வேதனையில் எதையாவது சொல்லிப் புலம்பிக்கொண்டே இருப்பது அரற்றல். ‘நோயாளி இரவு முழுவதும் அலறினார்’ என்று எழுதும் பல இடங்களில் ‘அரற்றினார்’ என்பதே உண்மை நிலைக்குப் பொருந்தும்.

அலறலும் கதறலும் மனிதருக்கு மட்டும் உரியவை அல்ல. ஒலிமரபில் ஆந்தை அலறும், பசு கதறும், கூகை குழறும், யானை பிளிறும், மயில் அகவும், நரி ஊளையிடும். யானை கத்தியது, மயில் கத்தியது என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் மரபு வழுவாகும். அகவல் என்பது ஆசிரியப்பாவின் ஓசைக்கே பெயராக நிற்கும் சொல். அதைக் கைவிட்டுக் ‘கத்தியது’ என்று எழுத ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

எழுத்துப்பிழைகளில் முதலிடம் ரகர, றகரக் குழப்பத்துக்கு. அலறு, கதறு, பிளிறு, உறுமு, குமுறு எல்லாம் வல்லின றகரம். ‘அலரல்’ என்று எழுதினால் சொல் அலர் பக்கம் போய்விடும். அலர் என்றால் மலர்தல். அகப்பாடல்களில் காதலரைப் பற்றி ஊரார் பேசும் பழிச்சொல். திருக்குறளின் 115-ஆம் அதிகாரமான அலர் அறிவுறுத்தல் அந்த ஊர்ப்பேச்சைத்தான் பாடுகிறது, அலறலை அல்ல. ‘கதரினான்’ என்றால் கதர்த் துணி நினைவுக்கு வரும். இரைச்சல் மட்டும் இடையின ரகரம்; ‘இறைச்சல்’ என்று எழுதுகிறவர்கள் நீர் இறைப்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆர்ப்பரிப்பிலும் ஆர்ப்பாட்டத்திலும் பகரத்துக்கு முன் ஒற்று உண்டு.

‘அலறலிட்டனர்’, ‘கதறலிட்டனர்’ என்ற வடிவங்கள் அண்மைக்காலமாகக் கண்ணில் படுகின்றன. இவை தேவையற்றவை. கூச்சல், ஓலம், கூக்குரல் ஆகியவை பெயர்ச்சொற்கள். வினையாக்க ‘இடு’ வேண்டும். அலறு, கதறு என்பவை தாமே வினைகள். அலறினர், கதறினர் போதும். முழங்கு என்பதும் வினைதானே, முழக்கமிடு எப்படி வந்தது என்று கேட்கலாம். அங்கே பொருள் பிரிந்துவிட்டது: மேடையில் தலைவர் முழங்கினார், கூட்டம் முழக்கமிட்டது.

ஒற்று விடுவது இன்னொரு வழக்கமான பிழை. அலறித் துடித்தான், கதறித் தீர்த்தாள், வீறிட்டுக் கத்தியது என்று வல்லினம் மிகும். ‘அலறல் கேட்டது’ என்பதில் மிகாது.

உயிரற்றவற்றுக்கு அலறலைப் பயன்படுத்தலாமா என்றால், ஆபத்தைச் சொல்லும் சைரன் அலறலாம். அங்கே அச்சம் இருக்கிறது. காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி அலறுவதாக எழுதினால் எழுதுபவரின் எரிச்சலும் சேர்ந்து வெளிப்படும். அது வேண்டுமென்றால் எழுதலாம். ‘அலறியடித்துக்கொண்டு’ என்ற தொடரில் குரல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பதற்றமும் விரைவும் போதும். ஆகவே ‘சத்தமில்லாமல் அலறியடித்துக்கொண்டு ஓடினான்’ என்பதைப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள். அதைச் சேர்த்தே எழுத வேண்டும். ‘அலறி அடித்துக்கொண்டு’ என்று பிரித்தால், ஒருவர் அலறியபடியே தன் மார்பில் அடித்துக்கொள்ளும் காட்சியாகப் பொருள் மாறிவிடும்.