உளுக்காத பாசிப்பயறைத் தேடிப் பிடிப்பது எப்படி?

டப்பாவைத் திறந்தால் பாசிப்பயறு முழுக்க வட்ட ஓட்டை, அடியில் மாவு. பயறு வண்டு வேலைதான். இதைத் தாங்கும் ரகத்தை உருவாக்கும் வேலையில் பாதியை ஒரு மேசைமேலேயே செய்து பழகலாம்.

படி 1: வண்டு வளர்ப்பு

உளுத்த பயறு ஒரு கைப்பிடி, நல்ல பயறு கொஞ்சம். இரண்டையும் அகலவாய் பாட்டிலில் போட்டு வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள் (தளர்வாகக் கட்டினால் அடுத்த மாதம் சமையலறையில் கேட்பார்கள்). 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுத் தலைமுறை வந்துவிடும். ஆண் வண்டின் உணர்கொம்பு சீப்புப் பல்லாக இருந்தால் அது கலோசோபுருக்கஸ் சைனென்சிஸ். இன்னொரு வகைப் பயறு வண்டான மகுலேட்டஸுக்கு அந்தச் சீப்பு கிடையாது. உளுந்தில் சைனென்சிஸ் வளராது, மகுலேட்டஸ் வளரும். அதனால் எந்த வண்டை வைத்துச் சோதித்தோம் என்பதைக் குறித்தே ஆக வேண்டும்.

படி 2: சோதனை

காய்ந்த விதைகளைக் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழு செத்துவிடும். அப்புறம் ரகத்துக்கு மூன்று கிண்ணம், கிண்ணத்துக்கு 50 விதை, ஐந்து ஜோடி வண்டு. மூன்று நாளில் வண்டுகளை எடுத்துவிடுங்கள். எளிதில் உளுக்கும் ரகம் ஒன்றும் கூடவே இருக்கட்டும். அதுவே உளுக்கவில்லை என்றால் சோதனையில்தான் கோளாறு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். விதைமேல் ஒட்டிய முட்டைகளைப் பார்த்ததும் 'இந்த ரகம் தாங்காது' என்று எழுதிவிடுகிறார்கள். தாங்கும் விதையிலும் வண்டு முட்டையிடும்; பொரித்த புழு உள்ளே துளைத்துப் போய்ச் சாகும். ஆகவே முட்டையையும் எண்ணுங்கள், வெளிவரும் வண்டையும் எண்ணுங்கள். 80 முட்டைக்கு 60 வண்டு வந்தால் 75 சதவீதம், தாங்காத ரகம். இரண்டே வண்டு என்றால் அதைப் பத்திரப்படுத்துங்கள். தாமதமாக வருவதும் உண்டு. இரண்டு மாதமாவது கிண்ணத்தைக் கலைக்காதீர்கள்.

படி 3: கலப்பு

மடகாஸ்கரில் கிடைத்த காட்டுப் பாசிப்பயறு டிசி 1966 இதில் பேர்போனது. வண்டைத் தாங்கும் குணம் அதில் ஓங்கு மரபணு (தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குணத்தைக் காட்டுவது) ஒன்றால் வருகிறது. ஆனால் விதை பொடி, காய் வெடித்துச் சிதறும். அதனால் நல்ல ரகம் தாய், இது தந்தை. மறுநாள் மலரப்போகும் மொட்டை மாலையில் பிரித்து, பத்து மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுங்கள். காலையில் தந்தைப் பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள்.

படி 4: பிரித்தெடுத்தல்

கலப்பு விதையை முளைக்கவைத்து வளர்த்தால், அந்தச் செடியில் காய்க்கும் விதைகளே இரண்டாம் தலைமுறை. வண்டு தின்பது பருப்பை. அதனால் தாங்குவது ஒவ்வொரு விதைக்கும் தனிக் குணம். வண்டிடம் விட்டால் நான்கில் மூன்று தப்ப வேண்டும். எல்லாமே உளுத்தால், அன்று மாலை மொட்டைப் பிரிக்கத் தாமதித்துவிட்டீர்கள். செடி தன் மகரந்தத்திலேயே காய்த்துவிட்டது.

தப்பிய விதைகளை விதைத்து, செடிவாரியாக அறுவடை செய்து, மறுபடி சோதியுங்கள். எந்தச் செடியின் ஒரு விதையும் உளுக்கவில்லையோ, நல்ல ரகத்தோடு மீண்டும் கலக்க அதுதான் தந்தை.