பாடகரின் குரல் மட்டும் காணாமல்போன ஹெட்போன்

"மாமா, பாட்டுப் போட்டால் வாத்தியம் கேக்குது, பாடுறவரைக் காணேல்லை. சேர் கதைக்கிறதும் கேக்கேல்லை." கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிற மருமகளுக்கு ஒன்லைன் வகுப்பு முக்கியம். கேட்டவுடனேயே ஹெட்போனின் பொதுக்கம்பி, அதாவது இரண்டு காதுக்கும் பொதுவான கம்பி, விட்டுப்போச்சு என்று விளங்கியது. அது அறுந்தால் இடது, வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். இரண்டிலும் ஒரே அளவாக இருக்கிற குரல் அழிந்துவிடும்.

போனில் செருகுகிற பின்னை மாற்ற, அதற்குக் கிட்ட வயரை வெட்டினேன். பச்சை, சிவப்பு, செம்பு நிறம் என மூன்று கம்பிகள். நிறத்தை நம்பாமல், எந்தக் கம்பி எது என்று மல்டிமீற்றரால் (மின்தொடர்பை அளக்கும் கருவி) பார்ப்பதே நல்லது. பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடி பொது.

இந்த மெல்லிய கம்பிகளில் வார்னிஷ் பூச்சு இருக்கும், ஈயம் பிடிக்காது. லைட்டரால் சுட்டால் கம்பியும் கருகும். ஈயம் உருக்குகிற அயன் நுனியில் ஈயத்துளி வைத்து, அதற்குள் கம்பி முனையைச் சில செக்கன் பிடியுங்கள். பூச்சு எரிந்து வெள்ளியாக மினுங்கும்.

முதலில் வாங்கிய மலிவுப் பின்னின் பிளாஸ்டிக் சூட்டில் இளகி, வளையம் அசைந்துவிட்டது. பிறகு உலோக மூடியும் வயரைத் தாங்குகிற ஸ்பிரிங்கும் உள்ளதை எடுத்தேன். கழுத்துத் தடித்த பின்னாக இருந்தால் போன் கவருக்குள் முழுதாக இறங்காது, அதையும் பார்த்து வாங்குங்கள். கம்பிகளைப் பின்னில் ஈயத்தால் ஒட்டுவதற்கு முன்பே மூடியை வயரில் கோர்க்கவேண்டும். நான் மறந்துபோய்த் திரும்பக் கழற்றினேன்.

கம்பிகள் ஒன்றோடொன்று முட்டவில்லை என்று மீற்றரில் உறுதிசெய்து, அதே பாட்டைப் போட்டோம். பிள்ளையின் முகம் மலர்ந்தது.